ஆப்ட்-கீயை இன்னுமா எழுதி வைத்திருக்கிறீர்கள்?

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவன், பால்காரர் மணியடித்தபோதுதான் எழுந்தேன். அலுவலக சர்வர் ஒன்றை, அதன் இயங்குதளமான டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு மாற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை.

டெபியனின் சொந்தப் பொதிகள், அதாவது மென்பொருள் மூட்டைகள், சமர்த்தாக வந்து அமர்ந்துவிட்டன. வம்பு செய்தது, வெளி நிறுவனம் ஒன்று தன் பொதிகளை வழங்கும் களஞ்சியம். யாருடையது என்று சொல்லப்போவதில்லை. காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அதன் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கச் சாவி இல்லை என்று, பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் கையை விரித்தது. அந்த நிறுவனத்தின் வழிமுறையைத் திறந்தால், முதல் வரியிலேயே, சாவி சேர்க்கும் பழைய ஆப்ட்-கீ கட்டளை! அதைத் தொடாதீர்கள் என்று ஆப்ட் ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அந்தக் கட்டளையே கிடையாது.

எடுத்ததில் தவறே இல்லை. ஆப்ட்-கீ வழியாக நுழைந்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லும். மாடியில் குடியிருப்பவர் என் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம் என்பது மாதிரி. இப்போது களஞ்சியக் கோப்பில் 'சைன்ட்-பை' என்ற வரியில், இந்தக் களஞ்சியத்துக்கு இந்தச் சாவி என்று எழுதிவிடுகிறோம். எவ்வளவு நியாயம்!

சாவியைத் தேடிப் பிடித்து, கோப்பில் எழுதினேன். மறுபடியும் சாவி இல்லை என்றது. கண்முன்னே கிடக்கிறதே ஐயா! ஒரு மணி நேரம் போனபின் புரிந்தது: சரிபார்ப்பு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நடப்பதில்லை, அதற்கென்றே உள்ள எளிய பயனர் ஒருவரின் பெயரில் நடக்கிறது. நான் வைத்த கோப்பைப் படிக்க அவருக்கு அனுமதி இல்லை. இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது என் பிழை அல்ல. புதிய ஆப்ட் 3.0, ஜிபிஜிவி என்ற பழைய சரிபார்ப்பு நிரலை விட்டுவிட்டு, செக்கோயா திட்டத்தின் எஸ்க்யூவி-யைக் கொண்டு சரிபார்க்கிறது. அது கறாரான ஆள். சாவியில் இருந்த ஷா-1 என்ற பழைய கைரேகைக் கணக்கு 2026 பிப்ரவரி 1-க்குப் பிறகு பாதுகாப்பானதல்ல என்று சாவியைத் தூக்கி எறிந்தது. ஷா-1-இல் மோதலை, அதாவது இரு வேறு கோப்புகளுக்கு ஒரே கைரேகையை, உருவாக்கிக் காட்டியது 2017-இல். இத்தனை ஆண்டுகளில் ஒரு சாவியைப் புதுப்பிக்க இவர்களுக்கு ஒரு பிற்பகல் கிடைக்கவில்லையா? சந்தாத் தொகையைப் புதுப்பிக்க மட்டும் மாதாமாதம் நினைவூட்டல் வருகிறதே!

இதையெல்லாம் விட எரிச்சல், கேட்டவர்கள் எல்லோரும் கொடுத்த ஒரே அறிவுரை: "'டிரஸ்டட்' என்பதற்கு 'யெஸ்' போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்." கையொப்பத்தைப் பார்க்காமலே நம்பு என்று பொருள். சரியாகிவிடுமாம்! பொதிக்குள் இருக்கும் நிறுவல் நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடும். யார் அனுப்பியது என்றே பார்க்காமல் அதை ஓடவிட்டால், பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: தங்கள் சிக்கலுக்கு வருந்துகிறோம், இணைப்பிலுள்ள வழிமுறையைப் பின்பற்றவும். இணைப்பைத் திறந்தேன். முதல் வரியில் ஆப்ட்-கீ.

இன்னும் மூன்று சர்வர்கள் பாக்கி இருக்கின்றன.