மற்ற 14 பேர் எங்கே?

நாகரிகம் வெறும் மேல்பூச்சு, சுரண்டினால் எல்லா மனிதரும் ஒன்றுதான் என்கிறது போரைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை. அது காட்டும் ஆதாரம், 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை. 40 பேரில் 26 பேர், சோதனை நடத்தியவர் சொன்னபடி, அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியே விசையை அழுத்தினார்கள். சரி, நடந்ததுதான். மற்ற 14 பேர் மறுத்தார்களே, அவர்களைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? அதே மில்கிராம் அதிர்ச்சி வாங்குபவரை ஒரே அறையில் இருத்தியபோது, கடைசிவரை போனவர்கள் 40 சதவீதமாகக் குறைந்தார்கள். அதையும் கட்டுரை சொல்லவில்லை.

2009இல், இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் இருந்தவள் நான். ஊரில் எல்லோரும் எழும்பி மரியாதை கொடுத்த ஒரு பெரியவர், பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இடமிருந்தும் கைக்குழந்தையோடு வந்த பிள்ளையை உள்ளே விடவில்லை. பனங்குற்றியை இழுத்து வாசலை மறித்தார். அவளுடைய முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துப் பங்கரில் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு சனம். அங்கிருந்த ஒரு ஆச்சி "இஞ்ச தா மோளே" என்று குழந்தையை வாங்கி மடியில் வைத்து, தாயையும் இழுத்துக்கொண்டார். இரவு தன்னுடைய கஞ்சியில் பாதியையும் கொடுத்தார். அதே பசி, அதே செல்லடி.

அந்தப் பெரியவர் போருக்கு முன்பும் கூலி கேட்டு வந்தவர்களை வெயிலில் நிறுத்தி வைப்பவர்தான். அதைக் கண்டிப்பு என்று நாங்கள் மெச்சினோம். கட்டுரையாளர் அடுத்த பகுதியை எழுதினால், போரை விட்டுவிட்டு இந்தச் சாதாரண நாட்களைப் பற்றி எழுதவேண்டும்.