புதுச் சிறைக்கு இடம் பார்க்கும்போது, மனு போட்டுக் கைதிகளைப் பார்க்க வருகிறவர்களையும் கேளுங்கள்

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய ஜெயில் 2006இல் புழலுக்குப் போய்விட்டது. புதுச்சேரியில் ஊர் நடுவே நேரு வீதியில் இருந்த ஜெயில் காலாப்பட்டுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. கோவை சிறையைக் காரமடைப் பக்கம் பிளிச்சிக்கு மாற்றப் போகிறார்கள். மதுரை சிறைக்கு மேலூர் ரோட்டுப் பக்கம் இடையப்பட்டியில் இடம் பார்த்தபோது, ஊர்மக்கள் தங்கள் கோயில் காட்டைக் காட்டி எதிர்த்தார்கள். கேப்பர் மலையில் நிற்கும் நம்ம கடலூர் மத்திய சிறை 1865இல் வந்தது. நூற்று அறுபது வருடம் ஆகிவிட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு புதுச் சிறை என்ற பேச்சு என்றைக்காவது நம் பக்கமும் வரத்தான் செய்யும். இடம் முடிவான பிறகு ரோட்டில் உட்காருவதைவிட இப்போதே பேசிவிடுவது நல்லது என்று நினைத்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். வருவாய்த் துறை ஒரு சர்வே எண்ணைப் பிடிக்கும். பொதுப்பணித் துறை அளந்து கல் நடும். அதற்குப் பிறகுதான் ஊருக்கு விஷயம் வரும். "எங்க ஊருக்கு ஜெயில் வேண்டாம்" என்று ஒரு பக்கம் பேனர் கட்டுவார்கள். "கடை வரும், வேலை வரும், ரோடு போடுவாங்க" என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். இந்த இரண்டு பேச்சுக்கு நடுவில், எந்த இடம் சரியான இடம் என்ற கேள்வியை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் என்ன என்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சிப்காட், சுரங்கம், துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மாவட்டம் இது. ஒரு தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு நடந்த கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஷாமியானா, வாடகை நாற்காலி, வரிசையாகத் தண்ணீர் பாட்டில், முன்வரிசையில் எங்கிருந்தோ வேனில் வந்து இறங்கியவர்கள். கிழக்கே இருக்கும் குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மா, தன் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதை மேடைமேல் வைத்துவிட்டு, "இதைக் குடிச்சுட்டுப் பேசுங்க" என்றார். அந்த அம்மா பேசி முடிப்பதற்குள் மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று சொன்னார்கள். அந்தக் கருத்து எங்கே போனது, அதனால் என்ன மாறியது என்று அந்த அம்மாவுக்கு யாரும் வந்து சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிறை விஷயத்தில் அந்தக் கூட்டம்கூட எல்லா நேரத்திலும் கட்டாயம் கிடையாது. பட்டா நிலத்தை எடுத்தால் 2013 நில எடுப்புச் சட்டம் வரும். சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், ஊராட்சியைக் கலந்து பேச வேண்டும், பொது விசாரணை நடத்த வேண்டும். ஆனால் அரசு புறம்போக்கு என்றால் எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கைமாற்றம்தான். ஆடு மாடு மேய்கிற தரையாக இருந்தாலும், மழைத்தண்ணீர் தேங்கி இறங்குகிற இடமாக இருந்தாலும் காகிதத்தில் அது "காலி இடம்". சரி, சுற்றுச்சூழல் அனுமதிக்காவது கேட்பார்களா என்றால், மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரிய கட்டடங்களுக்கு அனுமதி வாங்க வேண்டும், ஆனால் அந்த வகைத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. பொக்லைன் வந்து இறங்குகிற அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும் என்பது சட்டப்படியே சாத்தியம். அதனால்தான் சொல்கிறேன், சட்டம் கேட்கச் சொல்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அரசாங்கம் தானாக வந்து கேட்க வேண்டும். அதுவும் இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால். இரண்டு மூன்று இடங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

புதுச்சேரி நிலைமை இன்னும் மோசம். அங்கே 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. நாளைக்கு பாகூர் பக்கமோ வில்லியனூர் பக்கமோ ஏதாவது பெரிய கட்டடம் வருகிறது என்றால், ஊர் சார்பாகப் பேச மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பஞ்சாயத்துகூடக் கிடையாது. யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர் மக்களைக் கேளுங்கள் என்று சொல்லும்போது, சுவருக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களை மட்டும்தான் நாம் நினைக்கிறோம். ஒரு மண்டலச் சிறைக்கு 'உள்ளூர்' என்பது மூன்று மாவட்டம். அந்த வாசலுக்கு வாராவாரம் வரப்போகிறவர்கள் சங்கராபுரத்திலும் திட்டக்குடியிலும் மரக்காணத்திலும் இருக்கிறார்கள். அவர்களை இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கவனித்தால் அவர்களை அடையாளம் தெரியும். "ஜெயிலுக்கு எந்த பஸ்" என்று கேட்க மாட்டார்கள். "கேப்பர் மலைக்கு" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒருநாள் சங்கராபுரம் பக்கத்திலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் என்னிடம் அப்படித்தான் கேட்டார். கையில் ஒயர் கூடை. உள்ளே மகனுக்கு இரண்டு லுங்கி, ஒரு துண்டு, பேஸ்ட்டு, சோப்பு. பிளாஸ்டிக் கவரில் ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. விடியுமுன் கிளம்பி, கள்ளக்குறிச்சி வந்து, உளுந்தூர்பேட்டையில் மாறி, பண்ருட்டி வழியாக வந்திருந்தார். சுமார் நூறு கிலோமீட்டர். அன்றைக்கு நூறு நாள் வேலைக்கூலி போச்சு. "மகளிர் பஸ்ஸு ஃப்ரீதானே ஆயா" என்று கேட்டேன். "அது டவுன் பஸ்ஸுக்குத்தான் தம்பி, இவ்ளோ தூரத்துக்கு இல்ல" என்றார். மனு போட்டு, பேர் கூப்பிட்டு, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது கொஞ்ச நேரம். திரும்ப வீடு சேர ராத்திரி ஆகிவிடும். இத்தனைக்கும் கேப்பர் மலை, டவுனை ஒட்டியே இருக்கிற இடம். இதைத் தூக்கிக்கொண்டு போய் ஏதோ ஒரு முந்திரிக்காட்டு நடுவில், ஷேர் ஆட்டோகூடப் போகாத இடத்தில் வைத்தால் அந்த ஆயா என்ன செய்வார்? மாதத்துக்கு ஒருமுறை வருவார். அப்புறம் தீபாவளிக்கு மட்டும் வருவார். அப்புறம் வர மாட்டார்.

அவர் மகன் தண்டனைக் கைதி இல்லை, ரிமாண்டில் இருக்கிறவர். நம்மில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் எந்தக் கோர்ட்டும் இன்னும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களும் அதில் உண்டு. ஜாமீன்தாரரைத் தேடிப் பிடிப்பதும், வக்கீலைப் பார்ப்பதும், வாய்தா தேதி தெரிந்து வைத்துக்கொள்வதும் வெளியே இருக்கும் குடும்பம்தான். குடும்பம் வரமுடியாத தூரத்தில் சிறையைக் கட்டினால் உள்ளே இருக்கிறவர் உள்ளேயே இருப்பார். அப்புறம் இடம் போதவில்லை என்று இன்னொரு பிளாக் கட்டுவோம்.

குடும்பத்தையும் வக்கீலையும் பார்ப்பது கைதியின் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1981லேயே சொல்லிவிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 59ஆவது விதி, முடிந்தவரை கைதியை அவர் வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் வைக்கச் சொல்கிறது. மண்டலத்துக்கு ஒரு சிறை வைப்பதன் நியாயமே இதுதானே.

பெண்கள் விஷயத்தில் இந்தத் தூரம் இன்னும் கொடுமை. தமிழ்நாட்டில் பெண்களுக்கான தனிச் சிறை புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று ஐந்து ஊரில் இருக்கிறது. கடலூரில் இல்லை. சுதந்திரப் போராட்டத்தில் நம்ம முதுநகர் அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்தார், பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு திரும்பவும் உள்ளே போனார் என்று பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். இன்றைக்கும் கடலூரில் தண்டனை பெற்ற ஒரு பெண்ணின் பிள்ளைகள் அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் மாவட்டம் தாண்டித்தான் போக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். புதுச் சிறை வருமானால் அதில் பெண்களுக்குத் தனிச் சிறை ஒன்று வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

பயம் பற்றி. ஜெயில் வந்தால் ரவுடிகள் நடமாட்டம் வரும் என்று பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் பயப்படுவதைக் கேலி செய்கிற ஆள் நான் இல்லை. 2022 ஆகஸ்டில் கடலூர் சிறை உதவி ஜெயிலர் குடியிருந்த வீட்டுக்கு, குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தீ வைத்தார்கள். அது நடந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் குறி வைக்கப்பட்டது அக்கம்பக்கத்து ஊர் இல்லை, சிறையில் வேலை செய்கிற மனிதரின் வீடு. அதனால் வார்டர்கள், ஜெயிலர்கள், அவர்கள் குடும்பங்கள் இவர்களையும் கேட்க வேண்டும். குடியிருப்பு எங்கே இருக்க வேண்டும், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், இரவு டியூட்டி முடிந்து வருகிற வழியில் விளக்கு இருக்கிறதா, இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மற்றபடி கேப்பர் மலைச் சுவரை ஒட்டி எத்தனையோ தலைமுறை வாழ்ந்திருக்கிறது. பயப்படும் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே இருப்பவர்களோடு பேச விடுங்கள். அதிகாரி சொல்வதைவிட அவர்கள் சொல்வதை ஊர் நம்பும்.

இடத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்கென்று ஒரு கவலை உண்டு. வெள்ளம். 2015ஐயும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை கரை புரண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வந்தால் நாம் மாடிக்கு ஓடுவோம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம். பூட்டிய அறைக்குள் இருப்பவர் யாராவது சாவி கொண்டுவந்து திறந்தால்தான் வெளியே வரமுடியும். வெள்ளைக்காரன் கட்டிய கேப்பர் மலை மேட்டு நிலம், அதையாவது யோசிக்க வேண்டும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு மூன்றின் ஓரத்திலும் எங்கெங்கே எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அங்கங்கே இருக்கும் விவசாயிகளுக்கு அத்துப்படி. சர்வே எண்ணைப் பார்க்கும் முன் அவர்களைக் கேளுங்கள்.

குடிநீரையும் விட்டுவிடக் கூடாது. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போடுவார்கள். ஆயிரம் கைதி என்று வைத்தால் நாளுக்கு 1,35,000 லிட்டர். ஊழியர் குடும்பங்கள் தனி. இது யார் வீட்டு போரிலிருந்து வரும், கழிவுநீர் எந்த ஓடையில் போய் விழும் என்று கேட்காமல் எந்த ஊரும் சம்மதம் சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்று. ஒரு குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் காலத்திலேயே கழித்தவரையும், இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்தவரையும் ஜாமீனில் விடச் சொல்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருப்பவர்களும் இதில் வர மாட்டார்கள். அப்படி வெளியே வரவேண்டியவர்கள் நம் மூன்று மாவட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு எத்தனை பேருக்கான சிறை வேண்டும் என்று திட்டம் போடட்டும். அந்தக் கணக்கை மக்கள் முன்னால் வைக்கட்டும்.

கிராமசபைக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் நமக்குப் பேச இடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு திட்டம் என்று காதில் விழுந்தால், "சிறை வேண்டாம்" என்று ஒரே வரியில் தீர்மானத்தை முடித்துவிடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து, மேய்ச்சல் தரைக்கு மாற்று எது, சுவரைச் சுற்றி எத்தனை மீட்டருக்கு வீடு கட்டக் கூடாது என்பார்கள், கோர்ட்டும் அரசு ஆஸ்பத்திரியும் எவ்வளவு தூரம் என்று எழுதிக் கேளுங்கள். கூடவே இதையும் சேருங்கள்: பஸ் ஸ்டாண்டிலிருந்து சிறை வாசலுக்கு மனு நேரத்தை ஒட்டி டவுன் பஸ், வாசலில் கூரை போட்ட காத்திருப்பு இடம், பெண்களுக்குக் கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். சங்கராபுரத்து ஆயா உங்கள் கிராமசபையில் உட்கார முடியாது. அவருக்காக நீங்கள்தான் எழுத வேண்டும்.