விடையை ஒப்பிடும் முன் கேள்வியை ஒப்பிடுங்கள்

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் கணக்குப் பகுதி கடினமாக வந்துவிட்டால் போதும், தேர்வு மைய வாசலைத் தாண்டும் முன்பே "அந்த மேட்ரிக்ஸ் கணக்குக்கு உனக்கு என்ன வந்துச்சு?" என்று தொடங்கிவிடுகிறார்கள். இரவுக்குள் வாட்ஸப் குழுவில் அது வாக்கெடுப்பாகிவிடும். ஐந்து பேர் ஒரே எண்ணைச் சொன்னால் அதுதான் விடை, தனியாக நிற்பவர் தப்பு. பிள்ளைகள் விடைகளை ஒப்பிடட்டும், நல்லதுதான். இந்த வாக்கெடுப்பை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

காரணம் இருக்கிறது. கொள்குறிக் கேள்வியில் தவறான விடைகளைச் சும்மா போடுவதில்லை. பலரும் எந்த இடத்தில் சறுக்குவார்கள் என்று யோசித்து, அந்தச் சறுக்கலில் வரும் எண்ணையே ஒரு விடையாக வைப்பார்கள். உதாரணமாக, ஒரு 3×3 அணியின் (மேட்ரிக்ஸின்) அணிக்கோவை, அதாவது டிட்டர்மினன்ட், 3. அந்த அணியை 2-ஆல் பெருக்கி, வருவதன் சேர்ப்பு அணிக்கு (அட்ஜாயின்ட்டுக்கு) அணிக்கோவை என்ன? 3×3 அணியில் அது அந்த அணியின் அணிக்கோவைக்கு வர்க்கம். அவசரத்தில் 2×3 = 6, அதன் வர்க்கம் 36 என்று போய்விடுவார்கள். ஆனால் மூன்று வரிசைகளிலிருந்தும் தலா ஒரு 2 வெளியே வரும். ஆகவே 8×3 = 24, அதன் வர்க்கம் 576. குழுவில் பத்துப் பேர் 36 என்றால், பத்துப் பேரும் ஒரே குழியில் விழுந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை.

தீர்ப்பதற்கு எளிய வழி உண்டு: எண் வைத்துப் பாருங்கள். மூலைவிட்டத்தில் 1, 1, 3 உள்ள அணியை எடுங்கள். இரட்டித்தால் 2, 2, 6. அதன் சேர்ப்பு அணியில் மூலைவிட்டம் 12, 12, 4. பெருக்கினால் 576. ஒரு நிமிட வேலை, விவாதம் முடிந்தது. தொடர்களின் கூடுதல் என்றால் முதல் இரண்டு உறுப்புகளை வைத்துச் சோதியுங்கள், பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கும் முன்னால், இருவரும் ஒரே கேள்வியைத்தான் பேசுகிறீர்களா என்று பாருங்கள். ரஃப் தாளை மையத்திலேயே கொடுத்துவிட்டு வருகிறோம், கையில் மிஞ்சுவது நினைவு மட்டும்தான். கணக்கில் நினைவு சின்னக் குறிகளைத்தான் முதலில் தொலைக்கும். ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து அதன் மாடுலஸின் (குறியை நீக்கிய மதிப்பின்) 5 மடங்கைக் கழித்து 6-ஐக் கூட்டினால் பூஜ்யம் என்ற சமன்பாட்டுக்கு மெய் மூலங்கள் 4. மாடுலஸை மறந்துவிட்டுச் சொன்னால் 2. "முழு எண் தீர்வுகள்" என்பது "மெய்த் தீர்வுகள்" ஆகிவிடுவதும் இப்படித்தான்.

வேறு மாதிரித் தோன்றும் விடைகள் ஒன்றாகவே இருக்கவும் கூடும். சைன் 2 தீட்டாவைத் தொகையிட்டால் ஒருவருக்கு சைன் வர்க்கம் வரும், இன்னொருவருக்கு மைனஸ் காஸ் வர்க்கம். இரண்டுக்கும் வித்தியாசம் 1 மட்டுமே, தொகையிடும்போது கடைசியில் சேர்க்கும் மாறிலி அதை விழுங்கிவிடும். இதற்காக அழுத பிள்ளைகள் உண்டு.

"நான் பி போட்டேன், நீ சி-யா?" என்று கேட்பதும் வீண். கேள்வி வரிசை ஆளுக்கு ஆள் மாறும், விடைகளின் வரிசையும் மாறலாம். அதனால்தான் தேர்வை நடத்தும் என்டிஏ வெளியிடும் ஆன்சர் கீயில் (விடைக்குறிப்பில்) கேள்விக்கும் விடைக்கும் தனித்தனி அடையாள எண்கள் இருக்கின்றன.

நினைவை வைத்து மதிப்பெண் கூட்டுவதில்தான் அதிகச் சேதம். சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. ஒரு கேள்வியின் கணிப்பு தப்பினாலே 5 மதிப்பெண் இடறும், மூன்று தப்பினால் 15. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வேறு ஷிஃப்டில் (வேறு வேளையில்) எழுதிய நண்பரோடு மோதுவதில் பயனே இல்லை. பெர்சென்டைல், அதாவது எத்தனை சதவீதம் பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்பது, உங்கள் ஷிஃப்டில் எழுதியவர்களுக்குள்தான் கணக்கிடப்படுகிறது. கணக்கு உங்களைப் பாடாய்ப் படுத்தியிருந்தால் பக்கத்து நாற்காலியையும் படுத்தியிருக்கும். ஆகவே இரண்டு மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினாலும் சோர்ந்துபோக வேண்டாம்.

அன்று மாலை செய்ய வேண்டியது ஒன்றே: யாரிடமும் பேசும் முன் நினைவிலுள்ள கேள்விகளை எழுதி, நீங்கள் கொடுத்த விடையையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். பேசத் தொடங்கிவிட்டால் அடுத்தவர் விடை உங்கள் நினைவாக மாறிவிடும். பிறகு ஒப்பிடும்போது விடையைச் சொல்லாமல் முதல் இரண்டு படிகளைச் சொல்லுங்கள். பிசகு அங்கேதான் இருக்கும்.

ரெஸ்பான்ஸ் ஷீட்டும் (நீங்கள் கொடுத்த விடைகளின் பதிவு) தற்காலிக ஆன்சர் கீயும் வந்ததும் அடையாள எண்களைப் பொருத்தி, 25 கணக்குகளையும் வரிசையாகச் சரிபாருங்கள். கீ தவறு என்று தோன்றினால் ஆட்சேபிக்கலாம். கேள்விக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காது. "எங்க குழுவில் எல்லாருக்கும் இதே விடை" என்பது ஆதாரமாகாது. முழுத் தீர்வை எழுதி, பாடப்புத்தகப் பக்கத்தையும் இணையுங்கள். கேள்வி கைவிடப்பட்டால் அந்த ஷிஃப்டில் எழுதிய எல்லாருக்கும் 4 மதிப்பெண் கிடைக்கும். கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள், இறுதி ஆன்சர் கீ வந்த பிறகு எந்த ஆட்சேபமும் எடுபடாது.