வளையம் விழுந்தா மருந்தாகிடுமா?

"வேப்பிலைச் சாறு அன்டிபயோட்டிக்கை வென்றது" எண்ட மாதிரிப் பதிவுகள் எங்கட திருகோணமலைக் குழுக்களில அடிக்கடி சுத்துது. கூடவே ஒரு பெட்ரி டிஷ் (ஆய்வுகூடத்தில கிருமி வளர்க்கிற வட்டத் தட்டு) படம், நடுவில தெளிஞ்ச வளையம். பகிர்ற சனத்தில எனக்குக் கோவம் இல்லை. அந்த வளையத்தைக் காட்டிப் போத்தலில அடைச்சு விக்கிற ஆக்களிலதான் கோவம்.

வளையம் எப்பிடி வருது? ஏகார் எண்ட ஜெலி ஊத்தின தட்டில பற்றீரியாவைப் பஞ்சுக் குச்சியால பூசி, 6 மி.மீ. குழி வெட்டி, இலைச்சாறை விட்டு, 37 பாகையில ஒரு இரவு வைக்கிறது. விடிய, கிருமி வளராத இடத்தை ஸ்கேல் வச்சு அளக்கிறது. செலவு குறைஞ்ச, நல்ல சோதனை. ஆனா கணக்கைப் பாருங்க. 100 மி.கி./மி.லீ. சாறில 50 மைக்ரோலீற்றர் விட்டா குழிக்குள்ள 5 மி.கி. போகுது. ஒப்பிடப் பக்கத்தில வைக்கிற ஜென்டமைசின் எண்ட அன்டிபயோட்டிக் டிஸ்க்கில (மருந்து ஊறின சின்னக் கடதாசி வட்டத்தில) இருக்கிறது 10 மைக்ரோகிராம். 500 மடங்கு வித்தியாசம்! சாறில வேலை செய்யிற பொருள் கொஞ்சமாத்தான் இருக்கும், விளங்குது. அதுக்காக "வென்றது" எண்டு எழுதலாமோ? துணி வெளுக்கிற குளோரினை விட்டாலும் பெரிய வளையம் விழும்.

வளையம் விழேல்லை எண்டதுக்காக இலையைப் பொய்யெண்டும் சொல்லேலாது. எண்ணெய்த்தன்மையான பொருள் ஏகாருக்குள்ள சரியாப் பரவாது. எதில சாறு எடுக்கிறம் எண்டதும் முக்கியம். மலேரியா மருந்துக்காக 2015இல நோபல் பரிசு வாங்கின சீன விஞ்ஞானி து யூயூவுக்கும், மூலிகையைச் சூடாக்காமல் ஈதர் எண்ட கரைப்பானில எடுத்த பிறகுதான் விசயம் பிடிபட்டது.

எனக்கு உண்மையா உறுத்துறது வேற. படர்தாமரைக்கு எங்கட ஆக்கள் வண்டுகொல்லி இலையைத் தேசிக்காய்ப் புளி விட்டு அரைச்சுப் பூசுவினம். இதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனா என்ன நடக்குது? இலையைக் காயவச்சு, தூளாக்கி, மெதனோல் எண்ட கரைப்பானில ஊறவச்சு, கன்டிடா எண்ட வேறொரு பங்கசில சோதிக்கிறதுதான் பல நேரம் நடக்குது. ஏன் கன்டிடா? ஒரு நாளில வளர்ந்திடும். ஆனா படர்தாமரையைக் கொண்டு வாறது ட்ரைக்கோபைற்றன் வகைப் பங்கசுகள். அதுகள் தட்டில வளர ஒரு கிழமை, ரெண்டு கிழமை பிடிக்கும். ஆரும் மெதனோலில அரைச்சுப் பூசுறேல்லை, படர்தாமரைக்குக் காரணம் கன்டிடாவும் இல்லை. அப்ப எந்தக் கேள்விக்கு இந்தப் பதில்? தேசிக்காய்ப் புளியை மட்டும் தனியா ஒரு குழியில விட்டுப் பார்க்கவும் வேணும். அமிலம் தனியாவே வேலை செய்யக்கூடியது. புகழ் இலைக்குப் போயிடும்.

கோணேசபுரியில, கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர திருகோணமலை வளாகத்தில சித்த மருத்துவம் பட்டப்படிப்பாவே இருக்கு. பரம்பரை வைத்தியர்மாரும் இன்னும் இருக்கினம். ஒரு பிள்ளை ஆய்வுக்குத் தலைப்புத் தேடினா, முதல்ல ஒரு வைத்தியரிட்டப் போய், "ஐயா, இதை என்ன வருத்தத்துக்கு, எப்பிடிக் குடுக்கிறனீங்க?" எண்டு கேக்கட்டும். பிறகு தட்டை எடுக்கட்டும். ஒண்டும் விழேல்லை எண்டாலும் அதை அப்பிடியே எழுதட்டும், ஒளிக்காமல். அடுத்த பிள்ளைக்கு அந்த வேலை மிச்சம்.

அதுக்கிடையில, நீரிழிவு இருக்கிற அம்மா அப்பான்ர கால் புண்ணுக்கு இந்தப் படங்களைப் பார்த்து எதையும் அரைச்சுக் கட்டாதேங்கோ. கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கோ.

உங்கட வீட்டில படர்தாமரைக்கு என்ன பூசினவை? இலையின்ர பேர் மட்டும் காணாது. எதோட அரைச்சவை, எத்தனை நாள் பூசினவை, மாறினதோ இல்லையோ எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ.