ஃபைல் வாட்சர் லேட்டன்சியைக் குறைக்காது
ஒலியைக் கையாளும் நிரல் எழுதும்போது, "ஃபைல் வாட்சர் (கோப்பு மாறுகிறதா என்று கவனிக்கும் கருவி) போட்டால் ஃபில்டர் (ஒலியை வடிகட்டும் பகுதி) வேகமாக ஓடும், லேட்டன்சி (ஒலி உள்ளே போய் வெளியே வர ஆகும் தாமதம்) குறையும்" என்று சொல்வது தவறு. அது குறைப்பது நாம் காத்திருக்கும் நேரத்தை மட்டும்தான்: நிரலைச் சேமித்ததும், லினக்ஸ் என்றால் கோப்பு மாற்றத்தைத் தெரிவிக்கும் ஐநோட்டிஃபை வசதி வழியாக, மாற்றத்தை அறிந்து தானாகவே கம்பைல் செய்ய வைக்கும், நாம் உடனே கேட்டுப் பார்க்கலாம். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலி அளவீடுகள், அதாவது சாம்பிள்கள்) 64 சாம்பிள் பஃபர் (ஒரே தடவையில் கணக்கிடும் தொகுதி) என்றால் கணக்கை முடிக்கக் கிடைப்பது சுமார் 1.33 மில்லிசெகண்ட், வாட்சர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கெடுதான். அப்புறம், ஒலி ஓடும்போதே நிரலை மாற்றினால் டிலே லைனிலும் (ஒலியைத் தாமதிக்கச் சேமித்து வைக்கும் இடம்) ஃபில்டரிலும் இருந்த பழைய மதிப்புகளைப் புதியதற்குக் கடத்த வேண்டும், இல்லையென்றால் 'டப்' என்று சத்தம் வரலாம். புதிதாகக் கற்பவர்கள் அதைத் தங்கள் அல்காரிதத்தின் பிழை என்று நினைத்து வீணாகத் தேடுவார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். லேட்டன்சி குறைய வேண்டுமா, பஃபரைச் சுருக்குங்கள், அதற்கு ஈடுகொடுக்கும்படி ப்ரொஃபைலர் (நிரலில் எங்கே நேரம் போகிறது என்று காட்டும் கருவி) வைத்து நிரலைச் சீராக்குங்கள்.