டக் டக் சத்தமெல்லாம் டாப்பெட் இல்லை

"பழைய கார் இன்ஜினில் டக் டக் என்றால் டாப்பெட்தான், கெட்டி ஆயில் ஊற்றினால் போதும்" என்று சொல்வது தவறு. டாப்பெட் என்பது வால்வைத் தள்ளும் பாகம். கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும், தேய்மானத்தை நிறுத்தாது.

டைமிங் லைட்டை (பிளக் பொறி விடும்போதெல்லாம் மின்னும் விளக்கு) ஒரு பிளக் ஒயரில் மாட்டுங்கள். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் வால்வு பக்கம். இரண்டு என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பக்கம். காரணம், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும்; ஒரு பிளக்கும் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பொறி விடும்.

அடுத்து, ஐடிலில் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி, இன்ஜின் உலோகத்தோடு இணைத்து எர்த் செய்யுங்கள் (சும்மா தொங்கவிட்டால் காயில் கெடும்). எந்தச் சிலிண்டரில் தட்டல் அடங்குகிறதோ, அங்கே கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டாப்பெட் சத்தம் இதற்கு மாறாது. குளிரில் மட்டும் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் ஸ்லாப்பாகவோ (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) கேஸ்கெட் கசிவாகவோ இருக்கலாம்.

ராட் பேரிங் என்று தெரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.