நீளமான வாக்கியமெல்லாம் காம்ப்ளக்ஸ் அல்ல

ஆங்கில வாக்கிய வகைகளைப் பற்றி, "நீளமாக இருந்தால் காம்ப்ளக்ஸ், 'அண்ட்' வந்தால் காம்பவுண்ட்" என்று ஒரு குறிப்பு சேலத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. வினைமுற்று ஒன்றே இருந்தால் சிம்பிள்; தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை 'அண்ட்' போன்ற சொல் சேர்த்தால் காம்பவுண்ட்; தனியாக நிற்கும் பகுதியைச் சார்ந்து, தன் வினைமுற்றோடு இன்னொரு பகுதி வந்தால் காம்ப்ளக்ஸ். பிள்ளைகள் இதை நம்பித் தேர்வில் மதிப்பெண்ணை இழக்கக் கூடாது, தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

'தி ஓல்டு பஸ் ஃப்ரம் சேலம் கிளைம்ஸ் ஸ்லோலி த்ரூ ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ் டு ஏற்காடு.' நீளம்தான், ஆனால் வினைமுற்று 'கிளைம்ஸ்' ஒன்றே. அதனால் இது சிம்பிள். 'ஃப்ரம் சேலம்' எந்த பஸ் என்று காட்டுகிறது, பெயரடையின் வேலை. 'த்ரூ ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ்' எவ்வழியாக ஏறுகிறது என்று சொல்கிறது, வினையடையின் வேலை.

'சேலம் அண்ட் ஏற்காடு காட் ரெயின்' என்பதும் சிம்பிள்தான். 'அண்ட்' இங்கே இரண்டு பெயர்களை மட்டுமே சேர்க்கிறது.

அப்புறம், 'இஃப் இட் ரெயின்ஸ், வெயிட்.' நாலே சொல், ஆனாலும் காம்ப்ளக்ஸ். 'வெயிட்' தனியாக நிற்கும், 'இஃப் இட் ரெயின்ஸ்' அதைச் சார்ந்தே நிற்கும்.